வண்டி வந்துருச்சா?

அண்ணன் அனுப்பிச்சாருன்னு சொன்னீங்கல்ல, அத்தோட நிறுத்திக்குங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். மோரைக் குடிங்க. உப்பு பத்தலீன்னா சொல்லுங்க. மோருக்கும் பகைக்கும் சம்பந்தமில்லீங்க, யாரு வந்தாலும் இந்தத் தோட்டத்துல மோர் உண்டு. ஷெட்டுச் சாவி மட்டும் கெடையாது.

நீங்க கோயமுத்தூர்ல பழைய காரெல்லாம் எடுத்து ஓட வெக்கறவரு, சரி. கேள்விப்பட்டிருக்கேன். நல்ல தொழிலு. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அனுப்புன ஆளு மேலதான் கோவம். இந்த வாய்க்கா மேட்டுல ஏறி நின்னா அவன் வீட்டு மொட்டை மாடி தெரியும். அவ்வளவு பக்கத்துல இருக்கறவன் எதுக்குங்க கோயமுத்தூர்ல இருந்து ஒரு ஆளைப் புடிச்சு அனுப்பணும்? அவனுக்குக் காலு இல்லையா, வாயி இல்லையா?

அவன் இவன்னு பேசறேன்னு பாக்காதீங்க. சென்னியப்பன் எனக்கு மூத்தவன்தான். கூடப் பொறந்தவன்தான். நேர்ல அண்ணா, வாங்க போங்கன்னுதான் பேசுவேன். அது பேசிக்கிட்டிருந்த காலத்துல. இப்பப் பேச்சே இல்லைங்கறப்ப மரியாதையை எங்க கொண்டு போய் வெக்கறது?

இருங்க, நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க. நான் முடிச்சுக்கறேன், அப்பறம் சொல்லுங்க. அவன் பக்கத்தை ஊரே கேட்டாச்சு. என் பக்கத்தைக் கேக்க ஒரு ஆளு கெடையாது. எங்கூட்டுக்காரி ராமாத்தாகூட அவன் பக்கந்தான். அந்தா நிக்கறா பாருங்க, தூணைப் புடிச்சுக்கிட்டு. வேலை இருக்கற மாதிரி நிக்கறா. காது பூராவும் இங்கதான்.

ஷெட்டுக்குள்ள நிக்கற அந்த வண்டி எப்படி வந்துச்சுன்னு அவன் சொன்னானுங்களா? சொல்லியிருக்க மாட்டான். எங்கப்பா பொள்ளாச்சியில ஜின்னிங் பேக்டரி வெச்சிருந்தாரு. வால்பாறை மேல ஒரு எஸ்டேட் தொரை, சீமைக்கே திரும்பிப் போறப்ப எங்கப்பாவுக்குக் குடுத்துட்டுப் போன வண்டி. டெய்ம்லர். உங்களுக்குச் சொல்லணுமா? டேஷ்போர்டு பூராவும் மரம், சீட்டு பூராவும் தோலு, கதவைச் சாத்துனா சத்தமே கேக்காது. ஆனா ஓட்டறது லேசுப்பட்ட காரியமில்ல. ஸ்டீயரிங்குக்கு அடியில சின்னதா ஒரு கை இருக்கும். அடுத்தாப்பல எந்தக் கியர் வேணுமோ அதை முன்கூட்டியே அங்க தள்ளி வெச்சுக்கணும். அப்பறம் பெடலை மிதிச்சாத்தான் கியர் விழும். முழுசா மிதிக்கணும். அரைகுறையா மிதிச்சா அது திருப்பி ஒதைக்கும். அண்ணன் ஒருக்கா ஓட்டிப் பாத்தான். முட்டி வீங்கி நொண்டிக்கிட்டுத் திரிஞ்சான். எனக்கு ஒரே நாள்ல கைவந்துருச்சு. அதுக்கப்பறம் எங்கப்பா சாவியை எங்கிட்டத்தான் குடுப்பாரு. பின்னாடி அவரும் அண்ணனும் உக்காந்துக்குவாங்க, நான் ஓட்டுவேன். அப்பெல்லாம் என்னைய யாரும் டிரைவர்னு நெனைக்கல. நானும் நெனைக்கல.

எங்கப்பா போனப்பறம் பாகம் பிரிச்சோம். எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டுங்க. மூத்தவன் பங்கு வெக்கணும், எளையவன் மொதல்ல எடுக்கணும். ஒண்ணைப் பெருசாவும் ஒண்ணைச் சிறுசாவும் வெச்சா நட்டம் வெச்சவனுக்குத்தான், அதனால ஒழுங்கா வெப்பான்னு பெரியவங்க போட்ட திட்டம். இவன் எப்படி வெச்சான் தெரியுங்களா? கெணறு, தென்னந்தோப்பு, இந்த வீடு, ஷெட்டு எல்லாம் ஒரு பக்கம். மேட்டாங்காடு, இடிஞ்ச பேக்டரி, அந்த வண்டி, இதெல்லாம் ஒரு பக்கம். வெச்சுட்டு, "எடுத்துக்கடா நாச்சிமுத்து"ன்னான். நீங்களே சொல்லுங்க, தண்ணி இருக்கற பங்கை உட்டுட்டு எந்தப் புத்தியுள்ளவனாவது பொட்டல் காட்டை எடுப்பானா? தோப்பை எடுத்தேன். வண்டி அவனுக்குப் போயிருச்சு. ஓட்டத் தெரிஞ்சவன் நானு, வண்டி அவனுக்கு. தந்திரத்தைப் பாத்தீங்களா? பங்காளியையும் பனங்காயையும் பதம் பாத்து வெட்டணும்னு சும்மாவா சொன்னாங்க. பதம் பாத்து வெட்டிட்டான்.

அதுக்கும் மேல ஒண்ணு. எனக்கு நிறுத்த எடமில்ல, வண்டி உன்னோட ஷெட்டுலயே நிக்கட்டும், சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டான். ஊரு என்ன சொல்லுச்சு? ஆகா, அண்ணன் தம்பின்னா இப்படி இருக்கணும்னு சொல்லுச்சு. எனக்கல்ல தெரியும். சொந்தக்காரன் அவனு, காவக்காரன் நானு.

ஆனா ஒண்ணு சொல்லணும், பொய் பேசக்கூடாது. வண்டி அவன்துன்னாலும் ஓட்டுனதெல்லாம் நாந்தான். கல்யாணம், எழவு, பழனி, திருமூர்த்தி மலை, எங்க போனாலும் சரி. எடுக்கட்டுமான்னு நான் கேட்டதில்ல. நேரா எடுத்துட்டுப் போயி அவன் வீட்டு முன்னால ஆரன் அடிப்பேன். சட்டைப் பித்தானைப் போட்டுக்கிட்டே எறங்கி வந்து முன்னாடி ஏறிக்குவான். எங்க போறோம்னுகூடக் கேக்க மாட்டான். போற வழியில டீக்கடை கண்ணுல பட்டா நிறுத்தச் சொல்லுவான், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஆளு அந்தக் கல்யாணத்தன்னைக்கு என்ன பண்ணுனான்னு கேளுங்க. அதுக்குத்தானே இவ்வளவும் சொல்லிக்கிட்டிருக்கேன்.

வினோதினி, அவன் மக. ஒரே பொண்ணு. எந்தோள்லயே வளந்தவ. கல்யாணத்துக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் தாத்தா வண்டியிலதான் போகணும்னு ஒத்தக் கால்ல நின்னா. சரி கண்ணு, சித்தப்பன் பாத்துக்கறேன்னேன். அந்த மாசம் பூராவும் நான் வேற சோலி பாக்கல. தேங்கா வெட்டுக்கூடத் தள்ளிப் போச்சு. பெட்ரோல் டேங்கைக் கழுவி, பிளக்கைச் சுத்தம் பண்ணி, பித்தளையெல்லாம் புளி போட்டுத் தேச்சு, அந்த வண்டியை நிக்க வெச்சேன் பாருங்க, மொகம் பாத்துப் பொட்டு வெச்சுக்கலாம். கல்யாணத்துக்கு மொத நாள் பூராவும் பாலீஷ் போட்டேன். ராமாத்தா மட்டும் மண்டபத்துக்கு மொத நாளே போயிட்டா. என்னையும் கூப்பிட்டா. இந்த வேலையை யாரு பாக்கறது? நான் போகல.

விடிஞ்சதும் குளிச்சு, பட்டு வேட்டி கட்டி, வண்டிக்கு மல்லிகைச் சரம் சுத்தி எடுத்துட்டுப் போனேன். பொள்ளாச்சி மண்டபம். வாசல்ல கூட்டம். அண்ணன் நிக்கறான், அவன் சம்சாரம் நிக்குது, பன்னீர் தெளிக்கறாங்க. வர்றவங்களுக்கெல்லாம் வாங்க, வாங்க. உரக்கடைக்காரனுக்கு வாங்க. சொசைட்டி கிளார்க்குக்கு வாங்க. எங்கப்பா மேல வரப்புக் கேசு போட்டு இழுத்தடிச்சான் பாருங்க ஒருத்தன், அவனோட மகனுக்குக்கூட ரெண்டு கையையும் கூப்பி வாங்க வாங்க. நானும் வண்டியை ஓரமா நிறுத்திட்டு, வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டுப் போயி முன்னால நிக்கறேன்.

வாங்கன்னு வேண்டாமுங்க. நான் எளையவன். எனக்கு எதுக்கு வாங்க? "வாடா நாச்சிமுத்து"ன்னு ஒரு வார்த்தை. அது போதும். சொல்லலீங்க. என்னைப் பாத்தான். எனக்குப் பின்னால எட்டிப் பாத்தான். பாத்துட்டுக் கேட்டான்:

"வண்டி வந்துருச்சா?"

கேட்டீங்களா? நான் வந்தது கண்ணுக்குத் தெரியல. வண்டி வந்துருச்சாங்கறான். வண்டி தானா வருமா? சாவி போட்டு, கை மாத்தி, காலு மாத்தி, ஒரு மாடு குறுக்க வராமப் பாத்து ஓட்டிட்டு வந்தவன் முன்னால நிக்கறேன், பட்டு வேட்டி கட்டிக்கிட்டு. அவனுக்கு வண்டி வேணும். டிரைவர்கிட்டக் கேக்கற கேள்வி அது. டிரைவர்கிட்டக்கூட நல்லவன் அப்படிக் கேக்க மாட்டான், சாப்பிட்டியாப்பான்னு கேட்டுட்டுத்தான் கேப்பான்.

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சு போச்சு. திரும்புனேன். வண்டியில ஏறுனேன். ரிவர்ஸ் எடுத்து ரோட்டுக்கு வந்தேன். பின்னாடி அண்ணன் என்னமோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, நாயனச் சத்தத்துல சரியாக் கேக்கல. கேட்டிருந்தாலும் நின்னிருக்க மாட்டேன். ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்கல, கை நனைக்காமத் திரும்பி வந்துட்டேன். வழி நெடுக ரோட்டுல போறவங்கெல்லாம் வண்டிக்குள்ள எட்டிப் பாக்கறாங்க. மல்லிகைப் பூ சுத்தியிருக்குதில்ல, பொண்ணு மாப்பிள்ளை எங்கன்னு பாக்கறாங்க. பின்னாடி சீட்டு காலி. பாத்துக்குங்கடான்னு ஓட்டிட்டு வந்தேன். பூவைக்கூட அவுக்கல. ஷெட்டுல உட்டுப் பூட்டுனேன். அன்னைக்குப் பூட்டுனதுதான்.

பொண்ணும் மாப்பிள்ளையும் யாரோ ஒருத்தரோட வாடகை வேன்ல போனாங்களாம். வினோதினி அழுதாளாம். இருக்கும். அழுகாம என்ன பண்ணுவா? அப்படி ஒரு அப்பன் வாச்சா அழுகத்தானே வேணும்.

இதுக்கு ராமாத்தா சொல்ற நாயத்தைக் கேளுங்க. வெளிய இருந்து வர்ற ஒறம்பரைக்குத்தான் வாங்கன்னு சொல்லுவாங்களாம். கல்யாணம் எங்க வீட்டுக் கல்யாணமாம். நான் சித்தப்பனாம். மொத நாளே போயி அண்ணனுக்குப் பக்கத்துல நின்னு, வர்றவங்களுக்கு நானும் சேந்து வாங்க சொல்லியிருக்கணுமாம். முகூர்த்த நேரத்துக்கு ஒறம்பரையாட்டம் போயி நின்னுக்கிட்டு, அவரு வான்னு சொல்லலீன்னு வந்துட்டா அதுக்கு அவரு என்ன பண்ணுவாருன்னு கேக்கறா. எதிர்பாத்து நின்னவரு வண்டி வந்துருச்சான்னுதானே கேப்பாரு, வேற என்ன கேப்பாருங்கறா. சொந்தத் தம்பி வந்தா ஏன்டா இவ்வளவு நேரம்னு கேப்பாங்களா, வாங்க உக்காருங்கன்னு சொல்லுவாங்களான்னு ஒரு கேள்வி வேற. பொம்பளைப் பேச்சு. அவளுக்கு அண்ணன் வீட்டுல எடுத்துக் குடுத்த பட்டுச் சேலை பெருசு. என்னோட மானம் பெருசில்ல.

நீங்க சிரிக்கறீங்களா? இல்ல, சரி.

அப்பறம் ஆளு மேல ஆளு அனுப்புனான். மொதல்ல அவன் சம்சாரம் வந்துச்சு. அண்ணியாச்சேன்னு வாங்கன்னேன், காப்பி குடுத்தேன், வண்டிப் பேச்சை எடுத்ததும் எந்திரிச்சு தோப்புக்குள்ள போயிட்டேன். அப்பறம் எங்க மாமன் ஒருத்தரு வந்தாரு. நாய்க்குக் கெடச்ச முழுத் தேங்கா மாதிரி நீயும் திங்கறதில்ல, அடுத்தவனையும் திங்க உடறதில்லன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. சொல்லட்டும். கடைசில வினோதினியே வந்தா, கையில கொழந்தையோட. சித்தப்பா, அப்பா மேல கோவம்னா அப்பா மேல இருக்கட்டும், ஒருக்கா இந்தப் பையனை வெச்சு அந்த வண்டியை ஓட்டிக் காட்டுங்கன்னா. எனக்கு என்னமோ பண்ணுச்சுங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் சொன்னது ஒண்ணுதான். அவளுக்கும் அதான், அண்ணிக்கும் அதான், மாமனுக்கும் அதான், உங்களுக்கும் அதான். அவன் வரணும். இந்த வாசல்ல வந்து நின்னு, அவன் வாயால, தம்பி, ஷெட்டைத் தொறன்னு கேக்கணும். அந்த நிமிசமே தொறந்துருவேன். அவன் வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். மன்னிப்புகூட வேண்டாம். கேட்டாப் போதும். அதுக்கு ஏனுங்க ஒரு மனுசனுக்கு இத்தனை வருசம்? அந்தக் கொழந்தை இப்பப் பள்ளிக்கூடம் போகுது.

அழும்பு. எங்க குடும்பத்துல அவனுக்கு மட்டும் நெம்ப அழும்பு, புடிச்ச புடியை உட மாட்டான்.

வண்டி கெட்டுப் போச்சுன்னு நெனைக்கறீங்க. வந்ததும் வராததுமா ஷெட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்து நாக்கைச் சப்புக் கொட்டுனீங்களே, பாத்தேன். யாரு கெடுத்தா? நான் கெடுத்தேன்னு நெனைச்சுறாதீங்க. நான் பாத்த மாதிரி யாரும் பாத்திருக்க மாட்டாங்க. தூசி படக்கூடாதுன்னு தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வெச்சிருக்கேன். அது உள்ள வேர்த்து வேர்த்துத் தகரம் பூராவும் துரு ஏறிருச்சுன்னா அது மழைக்காலத்துக் கோளாறு. சீட்டுத் தோலு காஞ்சு வெடிக்கக்கூடாதுன்னு வருசா வருசம் நல்லெண்ணெய் தேச்சு உட்டேன், செக்குல ஆட்டுன சுத்தமான எண்ணெய். எலி வந்து தின்னுருச்சு. சீட்டுக்குள்ள குட்டி போட்டுப் பெருகிருச்சு. இந்தத் தோப்புல அதுக்கு முன்னால எலியே கெடையாதுங்க. அவனோட மேட்டாங்காட்டுல இருந்து வந்த எலிதான், வேற எங்க இருந்து வரும்? மேல்தகரத்துல ஒரு பள்ளம் இருக்கும். ஷெட்டுல எடம் சும்மா கெடக்குதேன்னு மச்சுல தேங்கா அடுக்கி வெச்சேன். வண்டியை அவன் வந்து எடுத்துட்டுப் போயிருந்தா அந்தத் தேங்கா தரையிலதான் விழுந்திருக்கும்.

கதவுச் சட்டத்து மரத்தைக் கரையான் அரிச்சுருச்சு. அதையும் சொல்லிடறேன், ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கரையானுக்கு யாரு சொல்றது?

நீங்க ராமாத்தாகிட்டப் பேசுனதும் காதுல விழுந்துச்சு. வண்டியைப் புதுசாக்க மாட்டீங்களாம். இருக்கறதை இருக்கற மாதிரியே வெச்சு, விழுந்ததை மட்டும் எடுத்துக் கட்டுவீங்களாம். மங்குன பெயிண்ட்டு மங்குனபடியே இருக்கட்டும், கீறல் இருக்கட்டும், அது அந்த வண்டியோட வயசுன்னீங்க. அது என்ன வேலைங்க? ரிப்பேர்னா ரிப்பேர் பண்ணணும். நடந்தது தெரியாத மாதிரி பண்ணணும், முடியலீன்னா தொடக்கூடாது. ஒட்டுப் போட்டுக்கிட்டு ஓட்டறதெல்லாம் எனக்கு ஆகாது. அவனுக்குச் சரியா இருக்கும். அவன் எதையும் அப்படியே உட்டுட்டு மேல போறவன்.

ஆயுத பூசைக்கு என்ன பண்ணுவான் தெரியுங்களா? ஷெட்டோட பின் செவுரு ரோட்டு ஓரமாத்தான் இருக்குது. வருசா வருசம் அந்தச் செவுத்துக்கு வெளிய வந்து நிப்பான். சூடம் ஏத்தி வெச்சு, ஒரு பூசணிக்காயைச் சுத்தி ஒடைச்சுட்டுப் போவான். வண்டி உள்ள, பூசை வெளிய. ஊரு பாத்துச் சிரிக்குது. அன்னைக்கு மட்டும் நான் வேற எங்கயும் போறதில்லீங்க. காலைல இருந்து ஷெட்டுக்குள்ள போயி உக்காந்துக்குவேன். செவுத்தைக் கிவுத்தை நோண்டிட்டு உள்ள வந்தர்றானான்னு பாக்கணுமில்ல. நானும் உள்ள சத்தம் காட்டாம உக்காந்திருப்பேன். சூடம் வாசம் ஓட்டுச் சந்து வழியா வரும். இருமுவான். இப்பெல்லாம் இருமல் முன்னைவிட எச்சாத்தான் இருக்குது. அவன் போற வரைக்கும் இருந்துட்டுத்தான் வருவேன். போன வருசம் பொழுது உச்சிக்கு வந்தும் ஆளைக் காணோம். எனக்கு இருப்புக் கொள்ளல. அப்பறமாத்தான் வந்தான். வர்றவன் நேரத்தோட வந்தா என்ன? அவனுக்காக ஒருத்தன் சாப்படாம உக்காந்திருக்கான்னு அவனுக்கு என்ன கவலை.

சரி, சரி, முடிக்கப் போறேன். கடைசியா ஒண்ணு இருக்குது, அதைக் கேட்டாத்தான் அவன் எப்படிப்பட்டவன்னு உங்களுக்கு வெளங்கும்.

போன மாசம் வந்தானுங்க. அவனேதான். மத்தியானம். ஆளுங்க சாப்படப் போயிட்டாங்க. நான் இதே கட்டில்ல உக்காந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டிருந்தேன். கேட்டைத் தள்ற சத்தம் கேட்டுச்சு. பாத்தா, குடையை ஊனிக்கிட்டு வர்றாரு. அவ்வளவு வெயில்ல குடையை விரிக்கல, ஊனறதுக்கு வெச்சிருக்காரு. எப்ப இருந்து ஊன ஆரம்பிச்சாருன்னு எனக்குத் தெரியாது, யாரும் எங்கிட்டச் சொல்லல. கேட்டுக்கு உள்ள வந்து அந்த வேப்ப மரத்துக்கிட்டயே நின்னுட்டாரு.

எந்திரிச்சேன். எந்திரிச்சனுங்க, அந்த மரியாதையை நான் கொறைக்கல. அவரு என்னையப் பாக்கறாரு, நான் அவரைப் பாக்கறேன். அவரு கேக்கட்டும்னு நான் நிக்கறேன். நான் வாங்கன்னு சொல்லட்டும்னு அவரு நிக்கறாரு. வீட்டுக்காரன் வாங்கன்னு சொல்லாம வந்தவன் எப்படி உள்ள வருவான்? அது எனக்குத் தெரியாதா? வார்த்தை தொண்டைக்கு வந்துருச்சுங்க. வாங்கண்ணான்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும். ஆனா நான் சொல்லிட்டா அப்பறம் அவன் எதுக்குக் கேப்பான்? நேரா வந்து கட்டில்ல உக்காந்து, ராமாத்தா, தண்ணி குடும்மான்னு பழைய மாதிரி ஆரம்பிச்சுருவான். நடந்தது நடக்காத மாதிரி ஆயிரும். நான் இத்தனை வருசம் பூட்டி வெச்சதுக்கு என்ன அர்த்தம்? அதனால நின்னேன். அவரும் நின்னாரு. நடுவுல ஒரு கோழி மேஞ்சுக்கிட்டே போச்சு. ரெண்டு பேரும் அந்தக் கோழியைப் பாத்தோம்.

அப்பறம் ஷெட்டுப் பக்கம் ஒருக்காப் பாத்தாரு. திரும்புனாரு. போயிட்டாரு. கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டிட்டுத்தான் போனாரு, மாடு உள்ள வந்துருமாம். ராமாத்தா சொம்புல தண்ணியோட அடுப்படியில இருந்து ஓடி வந்தா. அதுக்குள்ள அவரு ரோட்டுக்குப் போயாச்சு. இவ கேட்டுக்கிட்டப் போயி நின்னு, பெரியவரே, பெரியவரேன்னு கூப்பிட்டா. அவரு கையை மட்டும் தூக்கிக் காட்டிட்டுப் போனாரு. தன் மூக்கு போனாலும் எதிராளிக்குச் சகுனத்தடை ஆகணும்னு நிக்கற மனுசன் நீங்கன்னு அன்னைக்கு என்னையச் சொன்னா. சோறும் போடல. பரவால்ல. ஜெயிச்சது யாருங்க? அவன்தானே தேடி வந்தான், நான் போகல. நாந்தான் ஜெயிச்சேன்.

அவ்வளவுதான். இதான் என் பக்கம். இப்ப நீங்க சொல்லுங்க. வண்டியை எடுத்துட்டு வரச் சொன்னான், அதானே? முடியாது. அவனையே வந்து கேக்கச் சொல்லுங்க.

என்னங்க?

எடுத்துட்டுப் போக வரலீங்களா? அப்பறம் எதுக்கு வந்தீங்க?

இருங்க, மெதுவாச் சொல்லுங்க. வண்டி எந்தம்பிதுன்னு சொன்னாரா. அவருக்கு வேண்டாம்னு சொன்னாரா? இல்ல, வேண்டாம்னு சொல்லல, தம்பிதுன்னு சொன்னாரு. சரி. தம்பிகிட்டப் போயி, அவன் எப்படிச் சொல்றானோ அப்படிச் செஞ்சு குடுங்க, புதுசாக்கச் சொன்னாப் புதுசாக்குங்க, பழசாவே இருக்கட்டும்னா அப்படியே இருக்கட்டும், இனிமே அதைப் பத்தி எங்கிட்டக் கேக்க வேண்டாம், எல்லாம் அவன் முடிவுதான்னு சொல்லி அனுப்புனாரா. அன்னைக்கு அதைச் சொல்லத்தான் வந்தாராமா? வேப்ப மரத்துக்கிட்ட நின்னாரே, அன்னைக்கா?

ராமாத்தா, கேட்டியா இவரு சொல்றதை? வண்டி எனக்காமா.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நான் சந்தோசப்படணுமா? கெணத்தைக் குடுத்தாரு, தோப்பைக் குடுத்தாரு, இப்ப வண்டியையும் குடுத்துட்டாரு. இது குடுக்கறதில்லீங்க. கையைக் கழுவறது. இனி அவருக்கு இங்க என்ன இருக்குது? அவரோட பொருள்னு ஒரு துரும்பு இந்தத் தோட்டத்துல இல்ல. எதைக் கேட்டுங்க வருவாரு? எதுக்கு ஆள் அனுப்புவாரு? இத்தனை வருசம் என்னைக்காவது ஒரு நாள் வந்து கேட்டுத்தானே ஆகணும்னு இருந்தேன். கேக்க ஒண்ணுமே இல்லாமப் பண்ணிட்டாரே. எனக்குப் பயமா இருக்குதுங்க. நெசமாத்தான் சொல்றேன்.

இல்லீங்க. நீங்க போயிச் சொல்லிருங்க. தம்பி ஒத்துக்கலைன்னு சொல்லுங்க. வண்டி அவரோடது. பாகத்துல அவருக்கு வந்தது. பெரியவங்க முன்னால பிரிச்சதை இவரா மாத்த முடியாது. வண்டி அவரோடதுதான், வந்து பாத்துக்கச் சொல்லுங்க. ஷெட்டைத் தொறன்னு கேக்க வேண்டாம். நானே தொறந்து வெக்கறேன். சும்மா வந்தாப் போதும்னு சொல்லுங்க. வேண்டாம், அப்படிச் சொல்லாதீங்க, வரச் சொன்னா அதிகாரமாத் தெரியும். குடையை ஊனிக்கிட்டு இந்த வெயில்ல எப்படி வருவாரு? போன தடவை வந்தப்பவே நான் ஒரு வார்த்தை பேசல.

உங்க வண்டியில எடமிருக்குதுங்களா?

நானே வர்றேன். போயி, அண்ணா, வண்டி எனக்கு வேண்டாம், அது உங்குளுதுன்னு சொல்லிட்டு வந்தர்றேன். அவ்வளவுதான், ஒரு வார்த்தை. ராமாத்தா, அந்த வெள்ளைச் சட்டையை எடு. நீ வர வேண்டாம். சரி, வா, நீயும் வா, எனக்குத் தொணைக்கு. நீங்க மோரைக் குடிச்சு முடிங்க, நான் மூஞ்சியைக் கழுவிக்கிட்டு வந்தர்றேன்.

ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. நான் அங்க போயி வாசல்ல நிக்கறேன்னு வெச்சுக்குங்க. அவரு என்னைய வான்னு சொல்லாம சும்மா பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாருன்னா, நான் உள்ள போறதுங்களா, திரும்பி வந்தர்றதுங்களா?